பெயர் போன வீடு

என் கொள்ளுத்தாத்தா ழான்-சமுவேல் மரெந்தா, ழூ பள்ளத்தாக்கிலிருந்து ஜெனீவாவுக்கு நடந்தே வந்தார், முதுகுப் பையில் பதினொரு கடிகார இயந்திரங்களும் ஒரு பெரிய பாலாடைக்கட்டியும் இருந்தன என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். பாலாடைக்கட்டி நான் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை. அவர் ஒரு நகைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்படித்தான் கடிகாரமும் நகையும் எங்கள் வீட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று மாப்பிள்ளை கொண்டுவந்தது, மற்றது பெண் கொண்டுவந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கடிகாரத்துக்கு, ஒருவர் நகைக்கு என்று அமைந்துவிடும். எங்கள் தலைமுறையில் கடிகாரத்துக்கு அண்ணன் கஸ்பார், நகைக்கு அக்கா எர்மின். மூன்றாவதாகப் பிறந்தவன் நான், ஒக்தாவ். எனக்குக் கை ஓடாது. மூன்று வருடம் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். இடுக்கியில் எடுத்த திருகாணி மேஜையில் இருக்கும் நேரத்தைவிடத் தரையில் இருக்கும் நேரம்தான் அதிகம். ஒருநாள் அப்பா என் தோளில் கைவைத்து, "நீ கீழ கடைக்குப் போ. உனக்கு வாய் இருக்கு" என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. போனேன்.

அக்காவின் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது, மேலாடையில் குத்திக்கொள்ளும் ப்ரூச் ஒன்று செய்தாள். வெள்ளைத் தங்கத்தில் ஐவிக் கொடியின் இலை ஒன்று, நரம்பு நரம்பாக வைரம். முடித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார். பின்பக்கத்தில், துணியில் படுகிற இடத்தில், கடுகளவு பச்சை மரகதம் ஒன்று பதித்திருந்தது.

"இது என்னத்துக்கு? யார் கண்ணுக்கும் தெரியாதே."

"போட்டுக்கறவங்களுக்குத் தெரியும்ப்பா."

"கல்லை இப்படி வீணடிக்கக் கூடாதும்மா."

"சரிப்பா" என்றாள். அடுத்த நகையிலும் வைத்தாள். அதற்கடுத்ததிலும் வைத்தாள். ஐந்தாறு வருடத்தில் பெண்கள் கடைக்கு வந்து நகையைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்த்தார்கள். பிறகு கடிகாரங்களின் முதுகிலும் அந்தக் கல் ஏறியது. மரெந்தா கல் என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. ஜப்பான்காரர்களின் மின்கலக் கடிகாரம் வந்து, பக்கத்துத் தெருக்களில் பட்டறை பட்டறையாகப் பூட்டிய வருடங்களில், எங்கள் மேல்மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததற்கு அந்தக் கல்தான் காரணம். கஸ்பார் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். அக்கா அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை.

ஆனால் அவளுக்கு நாக்கு உண்டு. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு, கேட்டவன் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளை ஏரிக்கரை விடுதி ஒன்றில் கொண்டாடினோம். வறுத்த பெர்ச் மீன், வெள்ளை ஒயின், நாற்பது பேர். பாஸலிலிருந்து வந்திருந்த கல் வியாபாரி ஒருவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "கஸ்பார் இந்த வீட்டோட இதயம், எர்மின் இந்த வீட்டோட கண்ணு. அப்போ நம்ம ஒக்தாவ்?" என்று கேட்டார்.

"அவனா?" என்றாள் அக்கா. "அவன் எங்க கடையோட வாசல் மணி. யாராவது கதவைத் திறந்தா சத்தம் போடுவான்."

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். பதின்மூன்று வருடமாகக் கீழே நின்றுகொண்டிருந்தேன். எந்த வாடிக்கையாளரின் மகளுக்கு எப்போது நிச்சயதார்த்தம், எந்த அம்மாளுக்கு நீலக்கல் ஆகாது, யாரிடம் முதல் மனைவியின் பெயரை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தன. அதையெல்லாம் ஒரு வேலை என்றே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து கடைக் கதவின் மேல் தொங்கிய அந்தப் பித்தளை மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இரண்டு வருடம் கழித்து, பழசாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லி அதைக் கழற்ற வைத்தேன்.

தொண்ணூற்றொன்றில் அப்பா இறந்தார். நிறுவனத்தில் கஸ்பாருக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு, எர்மினுக்கு நாற்பது, எனக்கு இருபது. உயிலோடு எனக்கு மட்டும் ஒரு சின்னக் கடிதம் வைத்திருந்தார். 'அவர்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்ளும்போது நடுவில் நிற்க ஒருவன் வேண்டும். நீ நியாயமானவன்' என்று எழுதியிருந்தார். அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துப் படிப்பதில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு பெரிய குழுமம் எங்களை விலைக்குக் கேட்டது. கஸ்பார் என்னை ப்ளேன்பலேயில் ஒரு காபிக் கடைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான்.

"எனக்கு அம்பத்தேழு வயசாச்சுடா. கண்ணு போகுது. என் பெரிய பையன் ஃப்ரிபூர்ல மாட்டு டாக்டர். சின்னவன் கனடாவுல. ரெண்டு பேருக்கும் கடிகாரத்துல மணி பார்க்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. யாருக்காக நான் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்?"

"அக்கா என்ன சொல்றா?"

"அவகிட்ட என்ன கேக்கறது? பட்டறையிலயே செத்துப்போகணும்னு நினைக்கறவ. நீயும் நானும் சரின்னா அவ பங்கும் சேர்ந்து போயிடும். நம்ம பங்கு ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. உன்னை அவங்க வேலையில வச்சுக்கறாங்களாம். குடும்பத்து முகம் ஒண்ணு வேணும்னு சொன்னாங்க."

'முகம்' என்ற சொல் எனக்கு இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை.

செப்டம்பரில், ஊரே பிளம் பழ டார்ட் சாப்பிடும் ஜெனீவா நோன்பு வியாழன் அன்று, அக்கா ஒரு டார்ட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அந்த நாளில் அவள்தான் எனக்கு டார்ட் கொண்டுவருவாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று துண்டு போட்டாள்.

"கஸ்பார் உன்கிட்ட பேசிட்டானா?"

"பேசினான்."

"நீ கையெழுத்துப் போடமாட்ட."

அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தட்டை என் முன்னால் வைத்தாள், தன் விரலில் ஒட்டிய சாற்றை நக்கினாள். "க்ரீம் இல்லை. வர்ற வழியில கடை மூடியிருந்தது" என்றாள். எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே அவள் பக்கம் சாய்ந்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதிலும் எனக்கு நிச்சயம் இல்லை.

"பார்க்கலாம்க்கா" என்றேன்.

"என்ன பார்க்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி வக்கீல் அலுவலகத்தில் கூடினோம். தாள்கள் மூன்று அடுக்காக வைக்கப்பட்டிருந்தன. கஸ்பார் படிக்காமல் போட்டான். நானும் படிக்கவில்லை, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா மட்டும் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பதினாலாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது என்ன? 'மரெந்தா என்ற பெயர் வாங்குபவருக்கே உரியது. குடும்பத்தார் எவரும் கடிகார, நகைத் தொழிலில் அதைப் பயன்படுத்தலாகாது.' நான் பொறந்ததுலேருந்து என் பேரு இதுதான்."

"பேரு உங்களுதுதான், மதாம்" என்றார் வக்கீல். "அந்த ரெண்டு தொழில்ல மட்டும் போடக்கூடாது. மத்தது எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கலாம்."

"பன்னிக்கறிக் கடை வச்சா மரெந்தான்னு பலகை மாட்டலாமா?"

"தாராளமா."

"எனக்கு அந்தத் தொழில் தெரியாதே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். என் தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. அந்தப் பதினாலாம் பக்கத்தை அந்த நிமிடம்தான் நானும் கேள்விப்பட்டேன். "இதை எடுத்தாத்தான் கையெழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு என் இருபது வேண்டும், எப்படியாவது இறங்கி வந்திருப்பார்கள்.

"ஒக்தாவ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சத் தெரியாதவள். ஆனால் அன்று அவள் குரலில் ஏதோ இருந்தது. என் காதில் விழுந்ததோ ஏரிக்கரை விடுதியில் நாற்பது பேர் சிரித்த சிரிப்பு. அக்கா என் கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் முடிவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. கையெழுத்துப் போட்டேன். மூன்று இடத்தில் போடவேண்டியிருந்தது. மூன்றிலும் நிதானமாகப் போட்டேன்.

அன்று மாலை பட்டறையில், ஜெனீவா பகைவரை விரட்டிய நாளைக் கொண்டாடும் எஸ்கலாட் விருந்து. ஒவ்வொரு வருடமும் சாக்லேட் பானையைக் குடும்பத்தில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உடைக்கவேண்டும். வேலைக்காரர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கஸ்பாரும் நானும் கையைக் கோத்துக்கொண்டு, "குடியரசின் பகைவர்கள் இப்படியே அழியட்டும்!" என்று கத்திக்கொண்டே ஓங்கிக் குத்தினோம். பானை சிதறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா பானைக்குள்ளிருந்து தரையில் உருண்டோடிய, பாதாம் மாவில் செய்த மார்சிப்பான் காய்கறிகளைப் பொறுக்கி ஒவ்வொருவர் தட்டிலும் வைத்துக்கொண்டு வந்தாள். என் தட்டில் ஒரு கேரட் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கஸ்பார் வலே மாநிலத்தில் ஆப்ரிகாட் தோட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கருநீலத்தில் நான்கு சூட் தைத்துக் கொடுத்தார்கள். கடையை இடித்துப் பளிங்கில் கட்டினார்கள். தோஹாவிலும் ஷாங்காயிலும் திறப்பு விழாக்களில் நின்று பதினொரு இயந்திரங்களையும் பாலாடைக்கட்டியையும் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள். சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அக்கா ஆற்றுக்கு அந்தப்புறம் கரூஷில், ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு பட்டறை போட்டாள். 'எர்மின் மரெந்தா' என்று பலகை மாட்டினாள். ஒரே வாரத்தில் வக்கீல் கடிதம் வந்தது. நாற்காலி போட்டு ஏறித் தானே திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இறக்கினாள் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் பலகையே மாட்டவில்லை. நகைகளில் முத்திரையும் இல்லை. தெரிந்தவர்கள் தேடிவந்து வாங்கினார்கள். நாங்கள் இருவரும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு வசந்தகால மதியம், லுகானோவிலிருந்து ரொஸ்ஸினெல்லி என்ற அம்மாள் கடைக்கு வந்தார். அவருடைய அம்மா எழுபத்தைந்தில் எங்களிடம் வாங்கிய ஐவி இலை ப்ரூச் ஒன்றைப் பட்டுத்துணியில் வைத்தார். பக்கத்தில் புதிய ப்ரூச் ஒன்றை வைத்தார். அது ஒரு தும்பி. சிறகு காற்றில் நடுங்குவதுபோல இருந்தது.

"இதைக் கரூஷ்ல பேர் போடாத ஒரு கடையில வாங்கினேன், முசியே மரெந்தா. வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தா..." என்று இரண்டையும் திருப்பினார். இரண்டின் முதுகிலும் கடுகளவு மரகதம். "அம்மாவோடதும் இதுவும் ஒரே கைதானே? எனக்கு எழுதிக்கூட வேணாம். வாயால சொல்லுங்க, போதும்."

ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அந்தச் சிறகை அப்படி உலகத்தில் ஒரே ஒரு கைதான் வளைக்கும். ஆனால் எங்கள் புதிய இயக்குநர், பாரிஸிலிருந்து வந்தவர், இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நிறுவனத்துக்கு வெளியே செய்த எதையும் 'எங்களுடையது' என்று சொல்லக்கூடாது என்பது விதி.

"இல்லை மதாம். இது எங்க வீட்டு வேலை இல்லை."

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. "அப்படின்னா உங்க வேலையைப் பார்த்து யாரோ காப்பியடிச்சிருக்காங்களா?"

தலையை ஆட்டினேனா, ஆட்டாமல் நின்றேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை. அவர் நகைகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் இயக்குநர் என்னைப் பாராட்டினார். நகையின் பின்பக்கத்தில் கல் பதிப்பது நிறுவனத்தின் பதிவுசெய்த அடையாளம், அதைத் திருடிய கரூஷ் கடைக்கு வக்கீல் கடிதம் போயிருக்கிறது, முசியே ஒக்தாவின் எச்சரிக்கையால்தான் இது தெரியவந்தது என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தக் கடை என் அக்காவோடது. அந்தக் கல்லும் அவளோடது" என்று நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். தண்ணீர் குடித்தேன்.

கரூஷுக்குப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது.

கதவு திறந்திருந்தது. அக்கா ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு காதணி. பின்பக்கக் கல்லை எடுத்துவிட்டு அந்தக் குழியில் பற்றுப்பொடி வைத்து ஊதுகுழல் தீயில் உருக்கி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றாள், நிமிராமல். "காபி அடுப்புல இருக்கு. நீயே ஊத்திக்கோ."

ஊற்றிக்கொள்ளவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தும்பி, லுகானோ அம்மாள், இரண்டடி தள்ளி நின்ற இயக்குநர், கூட்டத்தில் பாராட்டு. அவள் ஊதுகுழல் தீயை அணைத்தாள்.

"நீயா சொன்ன?"

"ஆமாக்கா."

"நான் அந்த அம்மாதான் போய்ப் புகார் பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். பாவம், அவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி, அது போகட்டும். வக்கீல் ஆபீஸ்ல ஏன்டா கையெழுத்துப் போட்ட? எட்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். பணத்துக்கா? உனக்குப் பணத்தாசை கிடையாதே."

சொன்னேன். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள், பாஸல் வியாபாரி, வாசல் மணி. சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்ன."

"ஞாபகமே இல்லையேடா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "எல்லாரையும் ஏதாவது சொல்லிட்டுத்தானே இருப்பேன். கஸ்பாரைத் துருப்பிடிச்ச ஸ்ப்ரிங்னு சொல்லுவேன். அப்பாவைக்கூடச் சொல்லியிருக்கேன். நீ அன்னிக்கே என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாமே. ரெண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிட்டிருப்பேன்."

"நான் சிரிச்சேன்க்கா."

"அதான் தப்பு" என்றாள். காதணியை விளக்கடியில் பிடித்து, அடைத்த இடத்தை விரலால் தடவினாள். "நான் எப்பவும் முதல்ல பின்பக்கக் கல்லைத்தான் பதிப்பேன். உனக்குத் தெரியுமா? அதை வச்சுட்டு அங்கேருந்துதான் முன்பக்கத்துக்கு வருவேன். இப்போ எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கைக்குத் தெரியலை. கடிதம் வந்ததுலேருந்து இந்த ஒரு ஜோடிதான் முடிச்சிருக்கேன். இதுவும் நல்லா வரலை."

அதே வாரம் வேலையை விட்டேன். அந்தக் கல் நிறுவனத்துடையது அல்ல, என் அக்கா தன் இருபத்தைந்தாவது வயதில் தானாகச் செய்தது என்று நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு வக்கீலிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, அப்போது உங்கள் அக்கா நிறுவனத்தில் சம்பளம் வாங்கினாரா என்று கேட்டார். வாங்கினாள் என்றேன். "அப்போ அது நிறுவனத்தோடதுதான். அதை நீங்க வித்துட்டீங்க" என்றார். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். கஸ்பாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "இப்ப எதுக்குடா அதையெல்லாம் கிளறறே?" என்று கேட்டுவிட்டு ஆப்ரிகாட்டில் பூச்சி விழுந்ததைப் பற்றிப் பேசினான்.

அடுத்த வசந்தத்தில் அக்கா பட்டறையைக் காலி செய்தாள். கருவிகளைக் கல் பதிக்கக் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு எதையும் செய்யவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போகிறேன். சந்தையில் லீக்ஸ் தண்டும், லோஞ்சோல் என்ற எங்கள் ஊர்ப் பன்றி சாசேஜும் வாங்கிக்கொண்டு போவேன். அவள் சமைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். ஊர்வம்பு பேசுவோம், முட்டி வலியைப் பேசுவோம். நகையைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் மட்டும் மனம் தாங்காமல் கேட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிட்டாளா என்று.

"உன்னை எப்பவோ மன்னிச்சாச்சுடா" என்றாள். "தம்பியை எத்தனை நாள் வெறுக்க முடியும்? ஆனா காலையில எழுந்திருச்சதும் கை எதையாவது தேடுது. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் சாசேஜை வட்டமாக நறுக்கி எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். கடுகு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.